விடுகதையும் மர்மமும்: திரையின் முன் நம் பொறுமை

புதிர் என்னும் பொருளில் அரபு மொழியில் ‘லுக்ஸ்’ என்றொரு சொல் வழங்குகிறது. அதன் வேரைத் தேடும் அகராதி ஆசிரியர்கள் நம்மைப் பாலைவனத்திற்கே அழைத்துச் செல்கின்றனர். யர்பூஃ எனப்படும், துள்ளி ஓடும் சிறு பாலை எலி, தன்னைத் துரத்துவோரை ஏய்க்கும் பொருட்டு மண்ணுக்குள் வளைத்து வளைத்துத் தோண்டும் வளைக்கு அப்பெயர் உண்டு என்பர். வளை எத்துணைதான் வளைந்தாலும் வெளியேற ஒரு வாய் இருந்தே தீரும். தமிழில் தொல்காப்பியர் ‘பிசி’ என்று குறித்ததை நாம் விடுகதை என்கிறோம். விடுவிக்கப்படுவதற்கென்றே பிறந்த கதை அது. மர்மம் என்னும் சொல்லோ வேறு வழியில் வந்தது. வடமொழியில் அது உடலின் உயிர்நிலையைக் குறிக்கும். நம் வர்ம வைத்தியர்கள் விரல் வைக்கத் தயங்கும் இடம் அதுவே. விடை கிடைத்ததும் விடுகதை முடிந்துவிடுகிறது. மர்மமோ, தொட்ட இடத்தில் நெடுநாள் வலிக்கிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறியத் திரைப்பட வரலாறு நல்லதோர் ஏடாக அமைந்துள்ளது. திரைப்படத்தைப் பற்றி நம் இல்லங்களில் படிக்கப்படும் ஏட்டில் எழுதலாமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாம் இங்கே நடிகர் புகழ் பாட வரவில்லை. விடை சொல்லாத கதையின் முன் மக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதே நாம் ஆராய வந்த பொருள். அதில் மனித மனத்தின் பொறுமையும் பொறுமையின்மையும் துலக்கமாகத் தெரிகின்றன.

முதலில் தமிழ்ப் பார்வையாளர் எப்படி உருவானார் என்பதைக் காண்போம். 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ வெளியானதோடு தமிழ்த் திரை பேசத் தொடங்கிற்று. பேசியதைவிடப் பாடியதே மிகுதி. நாடகக் கம்பெனிகளின் மேடையிலிருந்து நேரே திரைக்கு வந்த கலையாதலால், ஐம்பது பாடல்களைத் தாண்டிய படங்களும் அக்காலத்தில் உண்டு. கொட்டகை வாயிலில் பாட்டுப் புத்தகம் விற்றது. ஊர் ஊராகப் பெயர்ந்து செல்லும் டூரிங் கொட்டகையில் ஒரே எந்திரத்தை வைத்துக்கொண்டு சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விட்டனர். மணலில் அமர்ந்திருந்த குடும்பங்கள் முறுக்கும் சோடாவும் வாங்கி, கதையைப் பேசி, மீண்டும் திரையை நோக்கின. படம் என்றால் பாட்டு, சண்டை, சிரிப்பு, ஈற்றில் தீயவன் தண்டனை பெறுதல் என்னும் எழுதாத ஒப்பந்தம் இவ்வாறு உருவாயிற்று. பார்வையாளரை நாம் குறை கூறுவதற்கு முன்னர், அவருக்கு அந்தச் சுவையைப் பழக்கியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தை 1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு படம் மீறிற்று. ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அது. ஜாவர் சீதாராமன் அதற்குத் திரைக்கதை தீட்டினார். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியதை ஒட்டிய கதை. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அண்டை வீட்டார், உடன்பிறந்தான், அவன் மனைவி, ராஜனின் மனைவி என ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக நடந்ததைக் கூறுகின்றனர். 1950இல் வெளிவந்த குரோசாவாவின் ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியப் படம் பாலசந்தரைக் கவர்ந்திருந்தது. ‘அந்த நாள்’ படத்தில் பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையில்லை. கதைத்தலைவனாக வந்த சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே பிணமாகக் கிடக்கிறார்.

அறிஞர் பாராட்டினர். கொட்டகைக்கு வந்த மக்களோ ஏமாந்தனர். முதல் வெளியீட்டில் படம் வசூலில் தோற்றது. பின்னர் மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்து, மறுபடியும் வெளியிடப்பட்டபோது வரவேற்புப் பெற்றது. அதே ஆண்டில் ‘மலைக்கள்ளன்’ படமும் வெளிவந்து பெருவெற்றி கண்டதை ஈண்டு ஒப்பிடலாம். அதிலும் ஒரு மறைபொருள் உண்டு. முகம் மறைத்த கள்ளன் யார் என்பதே அது. ஆனால் பாடல்களும் வீரமும் சூழ, விடை இனிதாக வந்து சேர்ந்தது. அது விடுகதை. ‘அந்த நாள்’ படத்திலும் கொலையாளி யார் என்பது ஈற்றில் தெரிந்துவிடுகிறது. ஆயினும் அன்புள்ள மனைவி, நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவன் முன் என்ன செய்வாள் என்னும் கேள்வி கொட்டகையை விட்டு வெளியே வந்தும் நம்மைத் தொடர்கிறது. அங்கேதான் விடுகதை மர்மமாக மாறுகிறது.

பொறுமையின்மை தமிழருக்கு மட்டும் உரிய குறையோ என்று ஐயுறுவோர் பிரான்சு நாட்டுக் கான் நகரை நோக்குக. 1960ஆம் ஆண்டு மே திங்களில், அங்கு நடந்த புகழ்பெற்ற திரைப்பட விழாவில் இத்தாலியரான அந்தோனியோனியின் ‘லாவெந்துரா’ திரையிடப்பட்டது. நண்பர்களோடு ஒரு தீவுக்குச் சென்ற ஒரு பெண் காணாமற்போகிறாள். தேடுகின்றனர். நாட்கள் செல்லச் செல்லத் தேடுவோரின் மனமே அவளை மறக்கத் தொடங்குகிறது. அவள் என்ன ஆனாள் என்பது இறுதிவரை கூறப்படுவதில்லை. கற்றவரும் கலைஞரும் கூடியிருந்த அவையிலேயே கூச்சலும் ஏளனச் சிரிப்பும் எழுந்தன. மறுநாள் திரைக்கலைஞர் பலர் கையொப்பமிட்டு அப்படத்திற்கு ஆதரவாக அறிக்கை விடுத்தனர். விழாவின் நடுவர் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆகவே, விடையின்மை எந்நாட்டு மக்களையும் சினமூட்டும் என்பது தெளிவு.

மீண்டும் தமிழுக்கு வருவோம். கேரளத்தில் பிறந்து புனேயில் திரைக்கலை பயின்ற ஜான் ஆபிரகாம், 1977இல் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்னும் படத்தைத் தமிழில் எடுத்தார். வெங்கட் சாமிநாதன் எழுத்தில் பங்குகொண்டார். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயற்ற கழுதைக் குட்டியொன்றை ஒரு பேராசிரியர் வளர்க்கிறார். ஊமைப் பெண்ணொருத்தி அதனைப் பேணுகிறாள். ஊரார் அதைக் கொல்கின்றனர். பிறகு நிகழ்பவை எல்லாம் கனவா, நனவா, கழுதையின் ஆற்றலா என்று பிரித்தறிய இயலாதபடி அமைகின்றன. அதற்குச் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது கிடைத்தது. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. பொதுக் கொட்டகைகளுக்கு அது பரவலாகப் போய்ச் சேரவும் இல்லை.

ஜான் ஆபிரகாம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார் எனலாம். பார்வையாளர் படத்தைத் தேடி வரவில்லையெனில் படம் பார்வையாளரைத் தேடிச் செல்ல வேண்டும். 1984இல் நண்பர்களோடு ‘ஒடேஸா’ என்னும் கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று பொதுமக்களிடம் சிறு தொகைகள் திரட்டி, 1986இல் மலையாளத்தில் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தார். அடையாளம் தெரியாத இளைஞன் ஒருவனின் சடலத்தை வழியில் கண்டவன், அவன் யாரென விசாரித்து, அவன் தாயிடம் செய்தி சொல்லப் புறப்படும் நெடும்பயணமே கதை. 1987இல் ஜான் மறைந்தார். மெல்ல நகரும் மர்மக் கதைக்கு எளிய மக்களே பொருள் தந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வரலாற்றின் அண்மைக்கால ஏடாக ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ அமைகிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, எஸ். ஹரீஷ் எழுதி, மம்மூட்டி தயாரித்து நடித்த படம். தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். பழனிப் பகுதிச் சிற்றூரில் படமாக்கப்பட்டது. பேச்சில் பாதி மலையாளம், பாதி தமிழ். வேளாங்கண்ணி சென்று கேரளம் திரும்பும் நாடகக் குழுவினர் வண்டியில் உறங்குகின்றனர். நண்பகலில் ஜேம்ஸ் என்னும் தலைவன் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல்வெளியூடே நடந்து ஒரு தமிழ்ச் சிற்றூருக்குள் நுழைகிறான். ஒரு வீட்டுக்குள் தன் வீடு போலவே புகுந்து, கைலியை மாற்றிக்கொண்டு, மாட்டுக்குத் தீனி வைத்து, பார்வையற்ற முதியவளிடம் மகனாகவே பேசுகிறான். அவ்வீட்டுச் சுந்தரம் காணாமற்போய் இரண்டாண்டுகள் ஆகின்றன. சுந்தரத்தின் மனைவி பூங்குழலி திகைத்து நிற்கிறாள். ஜேம்ஸின் மனைவி சாலியும் மகனும் தெருவில் கண்ணீரோடு நிற்கின்றனர். மறுநாள் நண்பகல் உறக்கத்தின் பின் அவன் மீண்டும் ஜேம்ஸாக எழுந்து, வந்தவர்களோடு திரும்பிச் செல்கிறான். சுந்தரத்தின் நாய் மட்டும் வண்டியின் பின்னே ஓடுகிறது. ஏன், எப்படி என்பதற்கு விடையில்லை.

2022 டிசம்பரில் திருவனந்தபுரம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இது முதன்முதல் திரையிடப்பட்டபோது நெடிய வரிசை நின்றது. இடம் கிடைக்காதவர்கள் ஆர்ப்பரித்தனர். பார்வையாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசும் இதற்கே கிடைத்தது. 2023 ஜனவரி 19 அன்று கொட்டகைகளுக்கு வந்தது. அடுத்த திங்களே நெட்ஃபிளிக்ஸ் வழியே வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்ட கேரள அரசின் சிறந்த பட விருதையும் பெற்றது. பொதுப் பார்வையாளரோ இரு பிரிவாயினர். நகராத காமிரா, ஓயாமல் ஒலிக்கும் பழந்தமிழ்ப் பாடல்கள், வெயிலில் உறங்கும் தெரு ஆகியவை சிலருக்குச் சலிப்பூட்டின. ஏனையோர் விடை தேடினர். ஆவி புகுந்தது என்றனர் சிலர். கனவு என்றனர் சிலர். நாடகக்காரனின் மனத்தில் உருவான நாடகமே இது என்றனர் வேறு சிலர். உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் ஒப்பிடும் 339ஆம் குறள் படத்தில் இடம்பெறுவதைச் சுட்டி, அதுவே திறவுகோல் என்றாரும் உளர்.

நாம் வாழும் பர்கூரில் அமர்ந்து இப்படத்தை எண்ணும்போது வேறொன்று தோன்றுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்த எம் ஊர், துணி வணிகத்தால் பெயர் பெற்றது. ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் தொலைவில் இல்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழியே மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது நிலப்படத்தில் கோடு விழுந்தது. மக்கள் நாவில் விழவில்லை. கடைத்தெருவில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, உருதுவில் வீட்டாரோடு கலந்து, கன்னடத்தில் விடைபெறுவதை நாள்தோறும் காண்கிறோம். மொழி மாறும்போது குரல் மாறுகிறது, நிற்கும் முறை மாறுகிறது, சிரிப்பும் மாறுகிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் சென்ற ஆடவர், அங்கே வேறொரு பெயரால் அழைக்கப்பட்டு, வேறொருவராகவே வாழ்ந்து, விடுமுறையில் பழைய மனிதராகத் திரும்புகின்றனர். சிலர் திரும்புவதே இல்லை. அவர்களுடைய உணவுத் தட்டையும் செருப்பையும் எடுத்து வைத்துக் காத்திருக்கும் வீடுகளை எல்லைப்புறத்து ஊர் எதுவும் அறியாமல் இராது.

இத்தகைய வீட்டாருக்கு ஜேம்ஸ் சுந்தரமானது எவ்வாறு என்பது முதற்கேள்வியன்று. இரண்டாண்டுகள் காத்திருந்த பூங்குழலி, அந்நியன் ஒருவன் தன் கணவனின் குரலில் பேசக் கேட்டு, கதவை அடைப்பதா திறப்பதா என்று நின்றாளே, அதுவே கேள்வி. ஊரார் அவனை அடித்து விரட்டியிருக்கலாம். திகைத்தனர், வாதிட்டனர், சினந்தனர். எனினும் ஒரு நாள் பொறுத்தனர். வேற்று மொழிக்காரனைப் பகைவனாகக் காணும் போக்கு அவ்வப்போது தலைதூக்கும் எல்லைப்புறத்தில், ஆற்று நீரின் பெயரால் 1991 இறுதியில் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டதை மறவாத தலைமுறை வாழும் இப்பகுதியில், அந்த ஒரு நாள் பொறுமை சிறிய செய்தியன்று. புரியாத மனிதனைப் புரியாமலேயே ஓர் இரவு தங்கவைக்க இயலுமா என்று படம் நம்மைக் கேட்கிறது. உயிர்நிலையில் விரல் படும் இடம் இதுவே.

மெதுவாகச் செல்வது கலைக்குக் குறை என்போருக்கு அரபு இலக்கியத்திலிருந்து ஒன்றை நினைவூட்டுவோம். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதையில் மன்னன் ஷஹ்ரியார், மணந்த பெண்ணை மறுநாளே கொல்லும் வெறியில் இருந்தான். ஷஹ்ரஸாத் அவனுக்குக் கதை சொன்னாள். விடியும் வேளையில் முடிவைச் சொல்லாது நிறுத்தினாள். முடிவை அறியும் ஆவலில் அவன் அவளை ஓர் இரவு வாழவிட்டான். பின்னும் ஓர் இரவு. பின்னும் ஓர் இரவு. விடை தாமதித்ததால் உயிர்கள் பிழைத்தன. கேட்டுக் கேட்டு மன்னன் உள்ளமும் மனித உள்ளமாயிற்று.

மெல்ல நகரும் படங்கள் யாவும் உயர்ந்தவை என்று நாம் கூறவில்லை. சொல்ல ஒன்றுமில்லாததை நிதானம் என்னும் போர்வையால் மறைப்போரும் உளர். அவர்கள் முன் எழுந்து செல்லும் உரிமை பார்வையாளருக்கு என்றும் உண்டு. எனினும் எழுவதற்கு முன், நமக்கு வைக்கப்பட்டது விடுகதையா மர்மமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. விடுகதையாயின் விடையைக் கேட்டு வாங்குவோம். மர்மமாயின், 1954இல் ஏமாந்து சென்றவர்கள் மீண்டும் வந்து ‘அந்த நாள்’ பார்த்ததைப் போல, சற்றே பொறுத்திருப்போம். அயலான் ஒருவன் நம் மொழியை நம்மைப்போலவே பேசிக்கொண்டு நம் வாயிலில் வந்து நிற்கும் நாளில், அந்தப் பொறுமை நமக்குத் தேவைப்படும்.