இரண்டு நாட்காட்டிகள்: சிறுநகர மேல்நிலைப் பள்ளியும் உயர்கல்வி நிறுவனச் சேர்க்கையும்

அரூர், அறந்தாங்கி, சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கல்லூரி பற்றிய பேச்சு மே மாதத்தில்தான் சூடுபிடிக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்து மதிப்பெண் தெரிந்த பிறகு, "அடுத்து என்ன சேர்க்கலாம் சார்?" என்று பெற்றோர் ஆசிரியரைத் தேடி வருவார்கள். அதற்குள் தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் இரண்டு அமர்வுகளும் முடிந்திருக்கும். முதல் அமர்வுக்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ வாங்கப்பட்டிருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2022 முதல் டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வு ஜனவரியில். மே மாதத்தில் கேள்வி கேட்கும் குடும்பத்துக்கு இந்தக் கதவுகள் எல்லாம் ஏற்கெனவே சாத்தப்பட்டவை.

பயிற்சி மையம் இல்லாததே சிறுநகர மாணவரின் குறை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். தேர்வு எழுதித் தோற்றவர்களைக் கணக்கில் எடுக்கும் அந்த விளக்கம், விண்ணப்பமே போடாதவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் கூட்டத்தினர் வெளியே நிற்பதற்கு முதன்மைக் காரணம் பள்ளியின் நாட்காட்டியும் நிறுவனங்களின் நாட்காட்டியும் ஒத்துப்போகாமையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதை ஆசிரியர்களின் அறியாமை என்று கடந்துவிடக் கூடாது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-இல் சட்டமியற்றி நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானிக்கும் என்றானது. கிராமத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடு அது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ அரசுப் பொறியியல் கல்லூரிக்கோ செல்ல மார்ச்சில் நன்றாக எழுதி, மே மாதம் விண்ணப்பித்தால் போதும். பள்ளிகள் தம் உழைப்பை முழுவதும் பொதுத் தேர்வில் குவித்தது அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்திய நடத்தை. மாநிலத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை என்பதே சிக்கல்.

நாட்காட்டி பிசகுவதை ஒரே ஒரு சான்றிதழில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் நிலையானது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் அதை மடிப்புக் கலையாமல் வைத்திருப்பார்கள். ஐ.ஐ.டி. கலந்தாய்வில் அந்தத் தாள் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் 'வளமான பிரிவினர் அல்லர்' என்ற தனிச் சான்று வேண்டும். அதுவும் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகர்ந்து அது வர வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேரா. இந்த விதி தெரியாமல் மொத்த வருமானத்தையும் கூட்டிப் பார்த்து, 'நமக்குக் கிடைக்காது' என்று தாமாகவே ஒதுங்கும் குடும்பங்கள் உண்டு. இதற்கு எந்தப் பயிற்சி மையமும் மருந்தில்லை. விதியைச் சொல்லும் ஓர் ஆள், சரியான மாதத்தில், பள்ளிக்குள் இருந்தாக வேண்டும்.

அமெரிக்க ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, திறன்மிக்க ஏழை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் உயர்நிலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்று காட்டியது. அங்கே படித்த மூத்த மாணவரையோ ஆசிரியரையோ சந்திக்க வாய்ப்பில்லாத சிறிய ஊர்களில் அவர்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தனர். மலிவான தகவல் உறைகளை அஞ்சலில் அனுப்பினால் நிலை மாறும் என்று ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் அடுத்துக் காட்டினர். ஆனால் அங்கே கல்லூரி நுழைவுத் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டு இதே முறையைப் பல லட்சம் மாணவரிடம் செய்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை. மாறாக மிச்சிகன் பல்கலைக்கழகம், இடம் கிடைத்தால் நான்காண்டுக் கல்விக் கட்டணம் கிடையாது என்று ஏழை மாணவர்களுக்கு முன்கூட்டியே உறுதி எழுதி அனுப்பியதும் விண்ணப்பித்தோர் விகிதம் 26 விழுக்காட்டிலிருந்து 68-க்கு உயர்ந்தது. சூசன் டைனார்ஸ்கி குழுவின் இந்த ஆய்வை நான் படிக்கும் விதம் இது: துண்டறிக்கையால் ஆகாததை முன்கூட்டிய உறுதிமொழி செய்தது.

தமிழ்நாட்டின் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு அத்தகைய உறுதிமொழி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கான அந்தச் சட்டம் 2020-இல் நடைமுறைக்கு வந்ததும், ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி மாணவரின் மருத்துவச் சேர்க்கை முந்நூறைத் தாண்டியது. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் மாறவில்லை, வினாத்தாள் மாறவில்லை. போட்டியின் எல்லை மாறியது. "நம்ம ஸ்கூல்லயிருந்து போக முடியும்" என்று ஓர் ஆசிரியர் இப்போது பெயரோடு சொல்ல முடிகிறது.

எனினும் நீட் இன்னொரு அநீதியை உள்ளே வைத்திருக்கிறது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு அதில் வரம்பில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியோரின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42. ஓராண்டு வீட்டில் இருந்து படிக்க முடிந்தவருக்கே இடம் என்றால், விற்பனையாவது அந்த ஓராண்டுதான். சிறுநகரத்துப் பெண் பிள்ளைக்கு அந்த ஆண்டு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. படிப்பு நின்றால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகள், நான் முதல்வன், கல்லூரிக் கனவு ஆகிய அரசுத் திட்டங்களை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மாதிரிப் பள்ளி, நன்றாகப் படிப்பவரைச் சொந்தப் பள்ளியிலிருந்து எடுத்துச் செல்கிறது. அந்தப் பள்ளிக்கு மூத்தவர் என்று காட்ட யாரும் மிஞ்சுவதில்லை. பிளஸ் டூ முடித்தவரைக் கூட்டிப் பேசும் வழிகாட்டி நிகழ்ச்சியோ பழைய நாட்காட்டியிலேயே நடக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் பிளஸ் ஒன் அரையாண்டு. எந்தத் தேர்வு எந்த மாதம், எந்த மொழியில் (ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழில் உண்டு, ஐ.ஐ.டி.களுக்கான அட்வான்ஸ்டு தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே), எந்தச் சான்று என்பதை அப்போதே குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். விண்ணப்பங்களைப் பள்ளிக் கணினியிலேயே ஆசிரியர் முன்னிலையில் நிரப்ப வேண்டும். கல்லூரிக்குச் சென்ற முன்னாள் மாணவரை வகுப்பில் பேச வைக்க வேண்டும். இதை ஒரு முதுநிலை ஆசிரியரின் பணியாக அரசாணையில் எழுதி, அவருடைய பாடவேளையைக் குறைத்துத் தர வேண்டும். 'ஆர்வமுள்ளவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டால், அவருக்கு இடமாறுதல் வந்த மறு ஆண்டே பள்ளி மீண்டும் மே மாதத்துக்குத் திரும்பிவிடும்.