கவனச் சிதறலும் பாடியின் தொழிற்சாலைகளும்

இன்று பாடி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மேம்பாலமும் அதைச் சுற்றி நெரியும் வாகனங்களும்தான். ஆனால், 1960களில் அவ்வூரின் முகத்தை மாற்றியவை தொழிற்சாலைகள். 1961-இல் லூகாஸ் டிவிஎஸ், 1962-இல் சுந்தரம் கிளேட்டன் என ஒன்றன்பின் ஒன்றாக அவை எழுந்தன. பக்கத்திலேயே 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. கொரட்டூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி எனச் சுற்றுவட்டாரத்தில் குடியிருந்த தொழிலாளர் வீடுகளில் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பவே சோறும் உறக்கமும் அமைந்தன. நம்மவர் வீடுகளில் தொழுகைக்கான ஏற்பாடும் அப்படித்தான்.

சுந்தரம் கிளேட்டன் செய்தது லாரி, பேருந்துகளுக்கான காற்று பிரேக். அதில் ஒரு சிறு பாகம் விடுபட்டாலும், மலைப்பாதையில் இறங்கும் பேருந்து ஒன்றின் அத்தனை பயணிகளின் உயிரும் ஆபத்தில் சிக்கக்கூடும். ஆகவே, அங்கே வேலையில் கவனம் என்பது மேலாளருக்குக் காட்டும் பணிவு அன்று. முகம் தெரியாத மனிதர்களின் உயிர் சார்ந்த அமானிதம்.

அந்த அமானிதத்தை எவ்வாறு காப்பது? தவறியவரைத் திட்டுவதுதான் எல்லாருக்கும் தெரிந்த வழி. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் அதை ஏற்கவில்லை. 1950-இல் ஜப்பானின் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் பாடம் நடத்தியவர் அவர். பிழைகளில் பெரும்பகுதி தொழிலாளியின் குணத்தால் வருவதன்று, வேலை அமைக்கப்பட்டுள்ள முறையால் வருவது என அவர் இடைவிடாது வலியுறுத்தினார். அவர் பெயரால் 1951 முதல் ஜப்பானில் வழங்கப்படும் பரிசை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஆண்டு 1998. அதன்பின் 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ் எனப் பாடியின் நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் தொடர்ந்து இடம்பெற்றன.

ஜப்பானிய முறையின் முதற்படி, ஆலைத் தொழிலாளர் எல்லாரும் அறிந்த 'ஐந்து எஸ்'. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்பன அந்த ஐந்து சொற்கள். தேவையற்றதை வேலையிடத்திலிருந்து அகற்றுதல் முதலாவது. எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைத்தல் இரண்டாவது. பிறகு தூய்மை, அதன்பின் இவற்றை நிலையான முறையாக்குதல். மனக்கட்டுப்பாடு ஐந்தாவதாக, கடைசியில்தான் வருகிறது. நாமோ பெரும்பாலும் அந்த ஐந்தாவதிலிருந்து தொடங்கி, அங்கேயே தோற்றுப்போகிறோம்.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961-இல் யமதா எலெக்ட்ரிக் ஆலையில் கண்ட தீர்வு இன்னும் எளியது. இரண்டு பொத்தான்கள் கொண்ட ஒரு சுவிட்ச். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். நாள் முழுதும் அதையே செய்பவர் எப்போதாவது ஒன்றை மறந்துவிடுவார். எத்தனை எச்சரித்தும் பயனில்லை. ஷிங்கோ ஒரு சிறு தட்டை வைத்தார். முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை எண்ணித் தட்டில் இட வேண்டும், பிறகு பொருத்த வேண்டும். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மீந்திருந்தால், மறந்தது அக்கணமே தெரிந்துவிடும். மனம் அலையும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு முதலில் வழங்கிய ஜப்பானியப் பெயருக்கு 'முட்டாளும் தவறு செய்ய முடியாதது' என்று பொருள். 1963-இல் வேறோர் ஆலையில் அந்தச் சொல்லைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தாம் அத்தனை முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரையே மாற்றினார். 'தவறு நேராமல் காப்பது' எனப் பொருள்படும் 'போக்கா யோக்கே' என்ற சொல்தான் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இவையெல்லாம் இலாபத்தையும் கருதிச் செய்யப்பட்டவையே. தட்டும் அலமாரியும் களைப்பைப் போக்குவதில்லை, கடன் கவலையைத் தீர்ப்பதும் இல்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கூறியதை இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கவனத்தைக் கலைப்பதைக் கண்ணிலிருந்து அகற்றுவது நமக்குப் புதிய பாடம் அன்று. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வேலைப்பாடு கொண்ட மேலாடை ஒன்றை அணிந்து தொழுதார்கள். அந்த வேலைப்பாட்டின் மீது அவர்களது பார்வை சென்றது. தொழுகை முடிந்ததும் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பி, அவரிடமிருந்த வேலைப்பாடற்ற மேலாடையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முதல் ஆடை அபூஜஹ்ம் (ரலி) அவர்கள் தந்த அன்பளிப்பு. அது திரும்பி வந்ததே என்று அவர் மனம் வருந்தக் கூடாது என்பதற்காகவே மாற்று ஆடையைக் கேட்டு வாங்கினார்கள் என்று விளக்கவுரையாளர்கள் கூறுவர்.

நம் வீடுகளிலோ, பாடப்புத்தகத்தின் மேலேயே கைபேசி கிடக்கிறது. அது ஒலிக்கும்போதெல்லாம் பிள்ளைக்கு ஏச்சும் விழுகிறது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் பெரியவர்களின் மேசையும் அப்படித்தான். மஃரிபுக்குப் பின் இஷா வரை கைபேசிகள் முன்னறை அலமாரியில் ஒரு தட்டில் இருக்கட்டும். பிள்ளைகளுடையது மட்டுமன்று, அத்தாவுடையதும் அம்மாவுடையதும் அங்கேதான் இருக்க வேண்டும். எத்தனை கைபேசிகள் வர வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்று குறைந்தால் தட்டே காட்டிக்கொடுத்துவிடும். அவசர அழைப்புக்கு, அவற்றுள் ஒன்று மட்டும் ஒலிக்கும்படி இருந்தால் போதும்.