யாருடைய தலையை வைத்து எடுத்த அளவு? சியர்லீடிங் அணிகளில் ஒரேமாதிரி ஒப்பனையும் தனித்தோற்றமும்

சியர்லீடிங் போட்டி நடக்கும் விரிப்பு 54 அடி அகலம், 42 அடி ஆழம். அதில் ஏறும் அணிக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். அதற்குள் அணியினர் அந்தர்பல்டி அடித்து, ஒருத்தியை மேலே எறிந்து பிடித்து, கோபுரமாக எழுந்து கலைந்து, நடனமாடி முடிக்க வேண்டும். எதிரே உயரத்தில் அமர்ந்திருக்கும் நடுவர்களின் கண்ணுக்கு முகங்களைவிட வரிசைதான் முதலில் தெரியும். ஒரு கை சற்றுப் பிந்தி உயர்ந்தாலும் தெரியும்; ஒரு தலையில் மட்டும் ரிப்பன் இல்லாவிட்டாலும் தெரியும். அணியின் மொத்தத் தோற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், எல்லோருக்கும் ஒரே கொண்டை, ஒரே உதட்டுச்சாயம், ஒரே கண்மை என்ற விதி அமெரிக்காவின் பள்ளி, கல்லூரி, கிளப் அணிகளில் ஊறிப்போன வழக்கம். இது அணியின் ஒழுங்கா, ஆளின் அடையாளத்தை அழிப்பதா என்ற விவாதமும் அதே அளவுக்கு ஊறிப்போனது. அந்த விவாதம் தவறான இடத்தில் நின்று நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தோற்றம் ஒன்றாக இருக்கிறதா பலவாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. அதை முடிவு செய்பவர் யார், செலவு யாருடையது, எந்தத் தலையை வைத்து அளவெடுத்தார்கள் என்றே கேட்க வேண்டும்.

ஒரேமாதிரித் தோற்றத்துக்கு ஆதரவான காரணங்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மேலே எறியப்படுபவளைக் கீழே நின்று பிடிப்பவர்கள் கணமும் கண்ணை எடுக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணில் ஒரு கற்றை முடி விழுந்தால் ஒருத்தியின் கழுத்து முறியலாம். அதனால்தான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசியக் கூட்டமைப்பு நகையையும் நீண்ட நகத்தையும் தடுக்கிறது. சரியாக ஒட்டாமல் உதிரும் மினுக்குத் தூளைக்கூட விடுவதில்லை. கிளப் அணிகளுக்காக 2003-இல் உருவான கூட்டமைப்பும் ரிப்பன் நெற்றியில் சரிந்து பார்வையை மறைக்கக் கூடாது, முகத்தில் கல் ஒட்டக் கூடாது, ஒப்பனை வயதுக்குப் பொருந்த வேண்டும் என்று விதித்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் முகத்தில் பெரியவர்களின் ஒப்பனை ஏறியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி விதியின் தேவை புரியும்.

விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு காரணமும் உண்டு. போட்டி நாளின் விடியற்காலையில் விடுதி அறைத் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிவிடுவது, இமையில் ஒரே நிறத்தைத் தீட்டிக்கொள்வது, தவறிய ஊசியைத் தேடுவது எல்லாம் சேர்ந்துதான் பல பெண்களுக்கு அணி. ஒரேமாதிரி ஒப்பனையை வெறும் அடக்குமுறை என்று எழுதும் ஆய்வாளர்கள் இந்த மகிழ்ச்சியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பொய்யான மகிழ்ச்சி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எதிர்முனையான தனித்தோற்றம் விடுதலையைத் தருகிறதா? டல்லாஸ் கௌபாய்ஸ் சியர்லீடர்கள் அதற்கு நல்ல சோதனை. 1972-இல் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் தம் சியர்லீடர் குழுவைத் தேர்ந்த நடனப் பெண்களைக் கொண்டு மாற்றியமைத்தார். உடை அனைவருக்கும் ஒன்று. தலைமுடி அப்படியில்லை. ஒருத்திக்குப் பொன்னிறம், அடுத்தவளுக்குச் செம்பழுப்பு, இன்னொருத்திக்குத் தோளில் புரளும் கரிய சுருள். பார்வைக்கு இது பன்மை. ஆனால் 2006 முதல் 2021 வரை ஒளிபரப்பான ‘மேக்கிங் த டீம்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பன்மை எப்படி உருவாகிறது என்று தெரியும். தேர்வில் முன்னேறிய பெண்கள் அழகு நிலைய நாற்காலியில் உட்கார, அவர்களுக்கு எந்த நிறம், எந்த நீளம் என்பதைக் குழுவின் இயக்குநரும் சிகையலங்காரக் கலைஞரும் பேசி முடிக்கிறார்கள். முகம் சுளித்தவளும் கண்கலங்கியவளும் அந்தத் தொடரில் உண்டு. இங்கே தனித்தோற்றமும் ஓர் உத்தரவுதான். மைதானத்தில் ஆளுக்கொரு நிறம் தெரிவதை வைத்து ஆளுக்கொரு உரிமை இருப்பதாக முடிவு கட்டிவிட முடியாது.

இந்தக் கலையின் தொடக்கத்தில் கூந்தல் ஒரு பேச்சாகவே இல்லை. 1898 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் கூட்டத்தின் முன் நின்று முழக்கத்தை நடத்தியபோது அது ஆண்களின் வேலை. பெண்கள் அங்கே நுழைந்தது 1923-இல். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபின் அது பெரும்பாலும் பெண்களுடையதாயிற்று. 1948-இல் லாரன்ஸ் ஹெர்கிமர் தேசிய சியர்லீடர் சங்கத்தைத் தொடங்கினார். பயிற்சி முகாம், சீருடை, ரிப்பன், குஞ்சம் எல்லாம் சேர்ந்து ஒரு தொழிலாக வளர்ந்தது அதன் பிறகே. 2017-இல் சீருடைமேல் இருக்கும் கோடுகளுக்கும் அம்புமுனை வடிவங்களுக்கும் பதிப்புரிமை பெற முடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற வார்சிட்டி நிறுவனம் சீருடை விற்கிறது, முகாம் நடத்துகிறது, போட்டியும் நடத்துகிறது. தோற்றத்தை விற்கும் கையே தோற்றத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் களத்தையும் நடத்தும்போது, ‘அணியின் மரபு’ என்ற சொல்லைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும்.

அளவெடுத்த தலை யாருடையது என்ற கேள்விக்கு அந்தக் கொண்டையையே பார்த்தால் பதில் கிடைக்கும். நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்த போட்டி அலங்காரம் இது: உச்சிமுடியைச் சீப்பால் எதிர்ப்பக்கம் வாரிச் சிக்காக்கி மேடுபோல எழுப்ப வேண்டும், அதன்மேல் மெல்லிய ஒரு படலத்தை வழவழப்பாகப் படியவைத்து ஸ்பிரே அடிக்க வேண்டும், மீதி முடியை உயரத்தில் குதிரைவாலாகக் கட்டி, சூடான கம்பியில் சுற்றிச் சுருள் சுருளாகத் தொங்கவிட வேண்டும், அடிவாரத்தில் பெரிய ரிப்பன். நேரான, மெல்லிய, நீண்ட முடிக்கு இதற்குச் சில ஊசிகளும் அரைமணி நேரமும் போதும். நெருக்கமாகச் சுருண்ட ஆப்பிரிக்க வம்சாவளி முடியோ இயல்பாகவே மேடாக நிற்பது. சுருளும் அதற்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் விதி கேட்பது அந்த மேட்டையும் அந்தச் சுருளையும் அல்லவே. ஆகவே அந்தப் பெண் முதலில் தன் முடியைச் சூட்டில் நேராக்க வேண்டும், பிறகு அதே சூட்டில் மறுபடி சுருட்ட வேண்டும். வியர்வை பட்டாலோ, கல்லூரி அணிகள் கூடும் டேட்டோனா கடற்கரையின் ஈரக்காற்று பட்டாலோ, பட்ட பாடெல்லாம் வீண். அல்லது கடையில் வாங்கிய முடியை இணைத்துக்கொள்ள வேண்டும். முன்பே நுண்சடைகளாகப் பின்னியிருந்தால், பல மணி நேரத்து வேலையை அவிழ்க்க வேண்டும். மற்றவளுக்கு அரைமணி நேர வேலையாக இருப்பது இவளுக்கு ஒருநாள் வேலை. முடியிழைக்கு வரும் சேதம் தனி. விதியின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் சுமை ஒன்றில்லை.

‘ஒன்றுபோல் தெரிய வேண்டும்’ என்ற வாதம் உடையில் தொடங்கினாலும் உடையோடு நிற்பதில்லை என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1925-இல் தொடங்கிய ராக்கெட்ஸ் நடனக் குழுவின் பெயரே துல்லிய வரிசைக்கு இன்னொரு பெயர். அதில் முதல் கறுப்பினப் பெண் சேர்ந்தது 1987-இல்தான். வரிசையில் ஒரு நிறம் மாறினால் கண் அங்கேயே நின்றுவிடும் என்பதே அதுவரை சொல்லப்பட்ட கலைக்காரணம். டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டி பள்ளியில் மாணவரில் பெரும்பான்மையினர் மெக்சிக வம்சாவளியினர். ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்த சியர்லீடர்களிலோ மூவர் வெள்ளையர், ஒருத்தி மட்டும் மெக்சிக வம்சாவளி. 1969 டிசம்பரில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். அந்தப் போராட்டத்தின் சூட்டில் 1970-இல் லா ராசா உனிதா என்ற அரசியல் கட்சியே பிறந்தது. பள்ளியின் முகமாக நிற்பவள் யார் என்பதை அற்பமான கேள்வி என்று அந்தப் பிள்ளைகள் எண்ணவில்லை.

நம் பக்கத்திலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது பெங்களூரு அணிக்காக வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் சியர்லீடர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அதே பருவத்தில் மொகாலியில், தோல் நிறத்தைக் காரணம் காட்டித் தங்களை ஆடவிடவில்லை என்று பிரிட்டனிலிருந்து வந்த இரு கறுப்பினப் பெண்கள் குற்றம்சாட்டினார்கள். அந்த அதிர்ச்சி ஓரிரு வாரச் செய்தியாக முடிந்துபோனது வருத்தத்துக்குரியது. ‘சியர்லீடர் என்றால் இப்படித்தான் இருப்பாள்’ என்ற அச்சு, ஆட்டத்தோடு சேர்ந்தே இறக்குமதியானது என்பதை அப்போதே நாம் விரிவாகப் பேசியிருக்க வேண்டும்.

விதி ஒன்றானாலும் சுமை ஒன்றில்லை என்ற வேறுபாட்டைக் காண அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் மறுத்தது. 1981-இல் நியூயார்க்கில் ரோஜர்ஸ் எதிர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வழக்கு. தலையோடு ஒட்டிப் பின்னும் நுண்சடைகளை விமான நிறுவனம் தடுத்ததை எதிர்த்துக் கறுப்பின ஊழியர் ஒருவர் தொடுத்தது. சடை மாற்றிக்கொள்ளக்கூடியது, பிறவிப் பண்பு ஆகாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. வேலை நேரத்தில் சடைகளைக் கொண்டையாக்கி அதன்மேல் வேறு முடியைச் சுற்றி மறைத்துக்கொள்ளலாம் என்பது நிறுவனம் முன்வைத்த சமரசம். சொந்த முடியின்மேல் இன்னொரு முடியை வைத்து மூடச் சொல்லும் அந்த ஏற்பாடு, இணைமுடிக் குதிரைவாலை வாங்கிவரச் சொல்லும் அணி விதிக்கு அப்படியே பொருந்துகிறது.

2006-இல் முடிந்த ஜெஸ்பர்சன் எதிர் ஹாராஸ் வழக்கு ஒப்பனையைப் பற்றியது. நெவாடா சூதாட்ட விடுதி ஒன்றின் மதுக்கூடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை பார்த்த பெண், புதிதாக வந்த ஒப்பனை விதியை ஏற்க மறுத்து வேலை இழந்தார். பெண்கள் முகப்பூச்சும் மையும் உதட்டுச்சாயமும் பூச வேண்டும், கூந்தலை நாள்தோறும் அலங்கரிக்க வேண்டும். ஆண்கள் முடியைச் சட்டைக் காலருக்கு மேல் வெட்டியிருந்தால் போதும். பெண்கள்மேல் சுமை கூடுதல் என்பதற்கு ஆதாரம் தரப்படவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒப்பனைக்குக் காசும் நேரமும் ஆகும் என்பது ஆதாரம் தேவையில்லாத பொது அறிவு என்று மாறுபட்ட தீர்ப்பில் ஒரு நீதிபதி எழுதினார். அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

அந்த விடுதியின் இரட்டை விதி கலப்பு சியர்லீடிங் அணிகளிலும் இருக்கிறது. ‘சியர்’ ஆவணத்தொடரால் 2020-இல் உலகறிந்த நவாரோ கல்லூரி அணியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள். பெண்கள் முகத்தில் முழு ஒப்பனை. ஆண்களிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. வரிசையின் ஒற்றுமைக்கு ஒரே முகம் கட்டாயம் தேவையென்றால் விரிப்பின் பாதி எப்போதுமே வரிசை கலைந்துதான் நிற்கிறது. இருந்தும் அத்தகைய அணிகள் தேசியப் பட்டங்களை வெல்கின்றன. நடுவர் கண் இந்த வேற்றுமையைத் தாங்கிக்கொள்ளும்போது, ஒருத்தியின் நுண்சடையைத் தாங்காது என்று எப்படிச் சொல்வது?

செலவைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. 2014-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கால்பந்துக் கழகத்தின் சியர்லீடர்கள் தொடுத்த வழக்கு, ஒரு பருவம் முழுதுக்கும் 1,250 டாலர் ஊதியம் பெற்றவர்கள் தங்கள் ஒப்பனைக்கும் கூந்தலுக்கும் சொந்தப் பணத்தைச் செலவிட்டதை வெளிக்கொண்டுவந்தது. 12.5 லட்சம் டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. 2015-இல் கலிபோர்னியா, தொழில்முறை சியர்லீடர்கள் ஊழியர்களே என்று சட்டம் இயற்றியது. அதைக் கொண்டுவந்த லொரெனா கொன்சாலெஸ், ஸ்டான்ஃபோர்டில் சியர்லீடராக இருந்தவர். ஒரு தோற்றத்தைக் கட்டாயமாக்கும் நிறுவனமே அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும் என்ற எளிய நியதி பள்ளி அணிகளுக்கும் பொருந்தும். பெற்றோர் பணப்பையை நம்பி ஒப்பனை விதி எழுதும் பள்ளி, ஏழைப் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. சீருடையின் சமத்துவம் பற்றிய வாதம் அங்கே தலைகீழாகிவிடுகிறது.

2019-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கிரௌன் சட்டம், இனத்தோடு இணைந்த கூந்தல் வகைகளையும் சடைகளையும் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சியர்லீடிங்கின் தாய்வீடு போன்ற டெக்சாஸிலும் 2023 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு நீதிமன்றம், பள்ளி மாணவர் ஒருவரின் சடையின் நீளத்துக்கு வரம்பு விதிப்பது அந்தச் சட்டத்தை மீறியதாகாது என்று தீர்ப்பளித்தது. சடை வகைக்குப் பாதுகாப்பு உண்டு, நீளத்துக்கு இல்லை. சட்டம் கைவிடும் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அணியின் விதிப்புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. விளைவை விதியாக்கி, வழியை அவரவரிடம் விடலாம். முடி முகத்திலிருந்து விலகிக் கட்டியிருக்க வேண்டும், குதித்தாலும் அவிழக் கூடாது, ரிப்பன் எல்லோர் தலையிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதோடு விதி நிற்கட்டும். கட்டியது நேர்முடியா, சுருளா, நுண்சடையா என்று விதி கேட்க வேண்டாம். உதட்டுச்சாயத்துக்கு ஒரே சிவப்பு என்று ஒரு குப்பியின் பெயரை எழுதாமல், கறுத்த உதட்டிலும் வெளுத்த உதட்டிலும் தூரத்திலிருந்து ஒரே அழுத்தமாகத் தெரியும் சிவப்புகளை அணியே வாங்கித் தரட்டும். ஒப்பனையே வேண்டாம் என்பவள் அதற்காக இடத்தை இழக்கக் கூடாது. இவை எல்லாம் தேர்வுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். போட்டிக் காலை விடுதி அறையில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் முதன்முறையாகச் சொல்லப்படக் கூடாது. விதியை எழுதும் மேசையில் சுருட்டை முடிக்காரியும் உட்கார்ந்திருக்க வேண்டும்.