நாற்பது கிரெய்ன் கொள்ளும் கூடு

மேசைமேல் நிற்கும் ஒரு .45 கோல்ட் தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டைப் பாருங்கள். உயரம் 33 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாய், சுண்டுவிரல் நுனி நுழையும் அகலம். இன்று அமெரிக்காவில் கௌபாய் போட்டிக்காகத் தோட்டா நிரப்புகிறவர் அதில் போடும் மருந்து ஐந்தாறு கிரெய்ன் எடைதான். கூட்டின் அடியை மூடியும் மூடாமலும் கிடக்கும். மீதி முழுவதும் வெறும் காற்று. இவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு பெரிய பாத்திரம் எதற்கு என்று கேட்டால், விடைக்கு 1873க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டுதான் கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வரை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டாவுக்கு முதலில் வகுத்த அளவு 40 கிரெய்ன் கரிமருந்து. தட்டான் தராசில் வைக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் நிற்கும். அப்படியானால் இருபது குன்றிமணி எடை மருந்து. கந்தகமும் வெடியுப்பும் கரியும் சேர்ந்த கரிமருந்தைக் கூட்டில் இடைவெளி விடாமல் அடைக்கவேண்டும். குண்டின் அடி மருந்தின்மேல் அழுந்தி உட்காரவேண்டும். நடுவில் காற்று நின்றால் ஆபத்து. கூட்டின் உயரத்தைத் தீர்மானித்தது இந்த விதிதான்.

அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கூடு என்ற ஒன்றே பழக்கமில்லை. ரிவால்வரின் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்துவார்கள். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பது என்று சொல்கிறோமே, அதே வேலைதான். எவ்வளவு மருந்து என்பது கெட்டிக்கிறவன் கையில் இருந்தது. உலோகத் தோட்டா வந்தபின் அந்த முடிவு தொழிற்சாலைக்குப் போயிற்று.

தொழிற்சாலை சொன்ன நாற்பது கிரெய்ன் நெடுநாள் ராணுவத்தில் நிலைக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்ஃபோர்ட் ஆயுதச் சாலை துருப்புகளுக்குச் செய்த தோட்டாக்களில் மருந்து 30 கிரெய்னாகக் குறைந்தது. குதிரைமேல் இருந்து ஒரு கையால் சுடுகிறவனுக்குத் துப்பாக்கியின் உதையைத் தாங்கி அடுத்த குண்டைச் சுடுவதுதான் முக்கியம். 1875இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஸ்கோஃபீல்ட் ரிவால்வரும் ராணுவத்துக்குள் வந்தது. அதன் கூடு இன்னும் குட்டை. மருந்து 28 கிரெய்ன். குட்டைத் தோட்டா கோல்ட் துப்பாக்கியிலும் போகும். நீளத் தோட்டா ஸ்கோஃபீல்டில் போகாது. இரண்டுக்கும் பொதுவாகக் குட்டைத் தோட்டாவையே ராணுவம் செய்யத் தொடங்கியது. மென்மையான தோட்டா என்றால் இக்காலத்துப் போட்டிக்காரர்களின் சோம்பல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். அமெரிக்க மேற்கின் புழுதியில் இந்தத் துப்பாக்கியை இடுப்பில் கட்டியிருந்த படைதான் முதலில் மருந்தைக் குறைத்தது.

சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்பும் வழக்கமும் அந்த மண்ணுக்குப் பழையதுதான். ராணுவத்தின் அக்காலச் செப்புக் கூடுகளில் பிரைமர் உள்ளேயே பொதிந்திருந்தது; ஒருமுறை சுட்டால் தூக்கி எறியவேண்டியதுதான். பிரைமர் என்பது நம் தீபாவளிப் பொட்டு வெடியின் உறவு: தட்டினால் பொறி பறக்கும், அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்கும். பிரைமரை வெளியிலிருந்து பொருத்தும் வகையில் பித்தளைக் கூடுகள் வந்ததும் நிலைமை மாறியது. எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரி அமைத்த பிரைமருக்குக் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை போதும். மேலிருந்து ஊசியை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்று விழும். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் வகுத்த முறையில் துளைகள் ஓரமாக அமையும், கழற்றுவது கடினம். அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது, ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்க வீடுகளில் தோட்டா நிரப்புவது ஒரு கைத்தொழிலாகத் தழைக்க அந்த ஒற்றைத் துளை பெரும் காரணம்.

1884இல் கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கென்றே ஒரு கைக்கருவி விற்றது. பார்த்தால் பாக்குவெட்டி போலவே இருக்கும். இரண்டு பிடி, நடுவில் ஒரு கீல். பிடியை அழுத்தி அழுத்தியே பழைய பிரைமரைத் தள்ளலாம், புதியதை ஏற்றலாம், குண்டை வாயில் உட்காரவைத்துக் கூட்டின் விளிம்பை மடக்கலாம். சில வகைகளின் நுனியிலேயே ஈயம் வார்க்கும் அச்சும் உண்டு. அடுப்பில் ஈயத்தை உருக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து, அச்சில் ஊற்றி, ஆறியதும் திறந்தால் பளபளவென்று குண்டு விழும். அதன் பள்ளங்களில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவுவார்கள். கரிமருந்தில் சுட்ட கூட்டை உடனுக்குடன் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். கசடு ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரித்துவிடும். கடை எட்டாத தூரத்தில் இருந்தவனுக்கு ஒரு கூட்டைப் பத்துமுறை பயன்படுத்துவது பெரிய சேமிப்பு. ஐடியல் கருவிகள் 1925இல் லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தன. அதன்பின்னும் பல்லாண்டு விற்றன.

இதற்கிடையில் மருந்தே மாறிவிட்டது. பிரான்சில் பால் வியே 1884இல் புகையில்லா மருந்தைக் கண்டார். 1898இல் அமெரிக்காவில் லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனம் கைத்துப்பாக்கிகளுக்காக புல்ஸ்ஐ என்ற மருந்தைக் கொண்டுவந்தது. வேறு கைகளுக்கு மாறி, இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. சிட்டிகை அளவே முன்பிருந்த மருந்துக் குவியலின் வேலையைச் செய்தது. ஆனால் துப்பாக்கியின் அறை பழைய அறைதான். கூடும் பழைய கூடுதான். வெற்றிடம் அப்போது பிறந்தது.

அந்த வெற்றிடத்தில் இரண்டு அபாயங்கள் உண்டு. கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டுமுறை மருந்து விழுந்தாலும் வெளியே தெரியாது, வழியாது. சுடும்போது துப்பாக்கி வெடித்துச் சிதறலாம். மருந்து விழாமலோ மிகக் குறைந்தோ போனால் குண்டு குழலின் பாதியில் நின்றுவிடும். சத்தம் மெலிந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் அதுவும் கேடுதான். மருந்தைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் ஓரளவுக்குத்தான் உண்மை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆர்வலர்களின் பார்வை எதிர்த்திசையில் இருந்தது. ஐடஹோவின் எல்மர் கீத் போன்றவர்கள் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள், 1955இல் .44 மேக்னம் என்ற பலமான தோட்டா வந்தது. மென்மையைத் திரும்ப அழைத்துவந்தது விளையாட்டுதான்.

1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் சிலர் பழைய மேற்கின் உடை உடுத்தி, அந்தக் காலத்துத் துப்பாக்கிகளோடு போட்டி நடத்தினார்கள். 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி அமைந்தது. ஒவ்வொருவரும் ஒரு புனைபெயரில் பதிந்துகொள்ளவேண்டும். இரண்டு ரிவால்வர்கள், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா. சுத்தியல் வெற்றறைமேல் இறங்கி நிற்கும். இலக்கு கிட்டத்தில் நிற்கும் எஃகுத் தகடு. கணக்கு நேரத்தில், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் ஐந்து நொடி கூடும். தகட்டில் ‘டங்’ என்று ஒலித்தால் போதும், எவ்வளவு பலமாக என்று யாரும் கேட்பதில்லை. எனவே உதை குறையக் குறைய வேகம் கூடும். முதியவர்களும் சிறுவர் சிறுமியரும் ஒரே களத்தில் நிற்க முடிந்ததற்கு இந்த மென்மையே காரணம்.

குறைத்துக்கொண்டே போனவர்களுக்கு விதி ஒரு தரை போட்டது. குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 60க்குக் குறையக்கூடாது. வேகம் 400 அடிக்குக் கீழே இறங்கக்கூடாது. ரிவால்வருக்கு மேல்வரம்பு 1000 அடி. 250 கிரெய்ன் குண்டு 900 அடி வேகத்தில் போனால் அதே கணக்கு 225 ஆகும். தரை எவ்வளவு தாழ்வு என்பது இதிலிருந்து விளங்கும்.

வெற்றிடத்தை நிரப்ப இந்தக் களம் பல வழி கண்டது. கரிமருந்தே சுடுவேன் என்று நிற்பவர்கள் மருந்தைக் குறைத்து, மீதி இடத்தில் சோளமாவோ கோதுமை ரவையோ போட்டு அடைக்கிறார்கள். உப்புமா ரவைக்கும் துப்பாக்கி ரவைக்கும் தமிழில் ஒரே சொல். அந்தக் கூட்டுக்குள் இரண்டும் மேலும் கீழுமாக இருக்கின்றன. 2005இல் டிரெயில் பாஸ் என்ற புகையில்லா மருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் செய்தது. ஒவ்வொரு துகளும் நடுவில் துளையிட்ட உளுந்து வடையின் குட்டி உருவம். எடை கொஞ்சம், இடம் நிறைய. கூட்டின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். இருமுறை விழுந்தால் வாய் வழிந்து காட்டிக்கொடுக்கும். மூன்றாவது வழி கூட்டையே குட்டையாக்குவது: .45 கோல்டின் அடியும் விளிம்பும் அப்படியே இருக்க, உடலை மட்டும் குறைத்த ‘கௌபாய் .45 ஸ்பெஷல்’. ஸ்கோஃபீல்ட் தோட்டா 1875இல் காட்டிய வழியைத்தான் அது இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோனது. மூன்றிலும் இதுவே நேர்த்தியான விடை. இடமே இல்லை என்றால் தவறுக்கும் இடம் குறைவு.

அண்மை ஆண்டுகளில் டிரெயில் பாஸ் உற்பத்தி நின்று கடைகளில் கிடைக்காமல் போனது. பலர் வேகமாக எரியும் பழைய மருந்துகளுக்கே திரும்பினார்கள். இன்றைய இயந்திரத்தில் ஒரு கைப்பிடி இழுப்புக்கு ஒரு தோட்டா முடிந்து விழுகிறது. ஆனாலும் கவனமுள்ளவர்கள் அதன் தலைக்குமேல் ஒரு சின்ன விளக்கைப் பொருத்தி, குண்டு உட்காருமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் குனிந்து பார்க்கிறார்கள். இந்த வேலையில் இறங்க நினைக்கும் எவரும் முதலில் வாங்கவேண்டியது அந்த விளக்கைத்தான்.