பாட்டைத் தாங்கிய மெலிவுக் குரல்

பினாங்குத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் அரிசி, பாக்கு, ஈயம், ரப்பர் ஆகியவற்றின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை மறவாது குறிப்பர். அவற்றோடு கரையேறிய மற்றொரு சரக்கை அவர்களுள் பலர் குறிப்பதில்லை. அது பாட்டு. 1926-இல் கட்டப்பட்ட 'ராஜுலா' என்னும் கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் நெடுங்காலம் இணைத்து வைத்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டு இசைத்தட்டு பினாங்குக்கு வந்த வழியும் கடல்வழிதான். 1934-இல் பினாங்கு வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றது. ஆகவே இத்தீவின் தமிழர் பாட்டுக் கேட்ட வரலாறு மிக நீண்டது. ஆனால் அவர்கள் கேட்ட பாட்டில் எது ஒலித்தது, எது ஒலிக்காது போயிற்று என்று ஆராய்ந்தவர் சிலரே.

மெலிவு, சமன், வலிவு என்னும் மூவகைத் தானங்களைத் தமிழ் மாணவர் அறிவர். இவற்றுள் வலிவும் சமனும் பாடகருக்கும் குழலுக்கும் யாழுக்கும் உரியவையாய்ப் புகழ்பெற்றன. மெலிவுக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. இசைத்தட்டின் தொடக்க காலத்தில் அதற்கு இடமே இல்லாதிருந்தது என்றும் கூறலாம். 1925-ஆம் ஆண்டுக்கு முன்பு ஒலிவாங்கி வழியாக ஒலிப்பதிவு செய்யும் முறை நடைமுறைக்கு வரவில்லை. பெரிய கொம்பு ஒன்றின் வாயருகே நின்று பாடுவர். அவ்வொலியின் ஆற்றலே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறும். ஆளுயரமுள்ள டபுள் பேஸ் என்னும் தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த ஒலிக்கு அவ்வூசியை அசைக்கும் வலிமை இல்லை. அதனால் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் அதனை நீக்கிவிட்டு, டியூபா என்னும் பெரிய ஊதுகருவியை நிறுத்தினர். ஒலிவாங்கி வந்தபின் தட்டில் தாழ்ந்த ஒலி பதிந்தது. ஆயினும் கேட்போரிடம் இருந்த வானொலிப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி அதனை முழுமையாக வெளியிட இயலாததாயிற்று. இங்கே மனிதச் செவியின் திறம் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். அடிப்படைச் சுரம் காதில் விழாவிடினும், அதன்மேல் எழும் கிளைச் சுரங்களைக் கொண்டு அச்சுரத்தைச் செவி தானே ஊகித்துக் கொள்ளும். கேளாத சுரத்தையும் கேட்டதாகவே உணரும்.

இத்தீவின் மண்ணில் பிறந்த பெருங்கலைஞர் பி. ராம்லி. 1929-இல் பினாங்கில் பிறந்த அவர் 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் பாடியபோது, இந்தியரான இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸின் கண்ணில் பட்டுச் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்துக்குச் சென்றார். அவர் முதன்முதலில் கதாநாயகராக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். அக்கால மலாய்த் திரைப்பாடல்களில் வயலினும் அக்கார்டியனும் முன்னே நடக்க, டபுள் பேஸ் பின்னே நின்று நடையை அளந்து தந்தது. அதனை விரலால் சுண்டி வாசித்தவர்களின் பெயரைப் பொதுமக்கள் அறியார்.

1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் புதிய கருவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். டபுள் பேஸின் நான்கு தந்திகளைக் கித்தாரின் உடலில் ஏற்றி, மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் கருவி அது. அதன் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு செல்லக்கூடிய அளவினது. மேடையில் இதனால் விளைந்த மாற்றம் பெரிது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து சென்றபின் மலாயாவின் நகரங்களில் கித்தார்க் குழுக்கள் பெருகின. 'பாப் யே யே' என்னும் அலை எழுந்தது. மூன்று கித்தார்களும் ஒரு முரசுத் தொகுதியும் இருந்தால் போதும் என்றாயிற்று. பெரிய வாத்தியக் குழுவை நம்பிய ராம்லியின் இசைக்கு 1964-க்குப் பின் வரவேற்புக் குறைந்தமைக்கு இவ்வலையும் ஒரு காரணம். 1973-இல், 44 வயதில், அவர் கோலாலம்பூரில் மறைந்தார். புதுமை பழமையை வென்றது என்று இதனைச் சுருக்கிச் சொல்லிவிடுதல் நேர்மையன்று. வெளியேறிய டபுள் பேஸும் உள்ளே வந்த பேஸ் கித்தாரும் செய்த தொண்டு ஒன்றே.

அத்தொண்டு யாது? மேடையில் வாசிப்பவருக்கு முன்னே மக்கள் இருக்கின்றனர், கைத்தட்டலும் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பவருக்கு முன்னே ஒரு தாளும் ஓர் ஒலிவாங்கியுமே உள்ளன. அங்கே தம் விரல்வேகத்தைக் காட்ட முனைபவர் பாட்டைக் கெடுப்பார். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே வாசித்தார். உலகெங்கும் பாடப்பட்ட பல பாடல்களின் அடித்தளம் அவ்வொரு விரலில் எழுந்தது. ஆயினும் அந்நிறுவனம் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் கொள்ளவில்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட தொகுப்பில்தான் அவர் பெயர் இடம்பெற்றது. கரோல் கே என்னும் பெண்மணியின் கதை இன்னும் சுவையானது. கித்தார் வாசித்து வந்த அவர், 1963-இல் பேஸ் வாசிக்க வேண்டியவர் வாராமற்போன ஒரு நாளில் அக்கருவியைக் கையில் எடுத்தார். அதன்பின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்கள் அவரை விடவில்லை.

தமிழ் இசைக்கு இக்கருவி புதியதொரு சிக்கலைக் கொணர்ந்தது. நம் இசையில் தம்புரா நிலையான சுருதியைத் தரும். பாட்டு அதன்மேல் உலவும். தளம் அசையாது. பேஸ் கித்தாரோ அசையும் தளம். ஒரே மெட்டின் கீழ் அடிச்சுரத்தை மாற்றினால் மெட்டின் உணர்ச்சியே மாறும். மகிழ்ச்சி ஏக்கமாகும், ஏக்கம் அமைதியாகும். இராகத்தின் வரம்பை மீறாமல், அதே வேளையில் தளத்தை அசைத்துக்கொண்டே செல்லுதல் எளிதன்று.

இதில் பெருவெற்றி கண்டவர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குச் சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் இருந்து, ஒலிப்பதிவுகளில் தாமே கித்தார் வாசித்தவர் அவர். வாத்தியக்காரரின் இருக்கையில் அமர்ந்து பழகியவராதலின், 1976-இல் 'அன்னக்கிளி' வழியே இசையமைப்பாளரான பின்னும் பேஸ் கித்தாருக்குரிய பகுதியைப் பிறர் விருப்பத்துக்கு விடாது சுரம் சுரமாக எழுதிக் கொடுத்தார். அவ்வாறு எழுதியவற்றைப் பல்லாண்டுகள் வாசித்தவர் சசிதரன்.

அக்காலத்துச் சென்னை ஒலிப்பதிவின் நடைமுறையை எண்ணிப் பார்த்தால் இப்பணியின் கடுமை விளங்கும். காலையில் இசையமைப்பாளர் தாளில் எழுதுவார். வாத்தியக்காரர் தத்தம் பகுதியைப் படியெடுத்துக் கொள்வர், ஒத்திகை நிகழும், பின்னர்ப் பாடகரும் வயலின்களும் குழலும் முரசும் ஒருங்கே ஒலிக்கப் பதிவு நடைபெறும். தனித்தனியே பதிந்து பின்னர் ஒட்டிக்கொள்ளும் வசதி மிகக் குறைவு. நான்காவது நிமிடத்தில் ஒரு சுரம் பிறழ்ந்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயலின் பலருள் ஒருவர் சற்றுத் தடுமாறினால் மற்றவர் ஒலியில் அது மறையும். பேஸ் வாசிப்பவரோ ஒருவரே. அவர் பிழை எங்கும் மறையாது.

இங்குத் தமிழாசிரியர்க்கு ஓர் ஒப்புமை தோன்றக்கூடும். வெண்பாவில் எதுகையும் மோனையும் செவிக்கு உடனே புலனாகும். தளையைத் தனியே கேட்பார் இலர். ஆனால் ஓரிடத்தில் வெண்டளை பிறழ்ந்தால், இலக்கணம் கல்லாதவனும் ஏதோ இடறிற்று என உணர்வான். பேஸ் கித்தாரின் நிலையும் அதுவே. பல்லவியில் சொல் ஒலிக்கும்போது அது ஒதுங்கி நின்று, முரசின் அடியோடு ஒட்டி, வேண்டிய சுரத்தை மட்டும் ஊன்றும். சொல் முடிந்து இடைவெளி விழும்போது ஓரடி முன்வந்து அடுத்த வரிக்கு வழிகாட்டும். 'பகலில் ஓர் இரவு' (1979) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'இளமை எனும் பூங்காற்று' பாடலைக் குரலை விடுத்து மெலிவை மட்டும் பின்பற்றிக் கேட்பவர்க்கு, கீழே மற்றொரு மெட்டு நடந்து செல்வது புலனாகும். 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' சலநாட்டை இராகத்தில் அமைந்தது. முப்பத்தாறாம் மேளமாகிய அவ்விராகம் அரிதாகவே கையாளப்படுவது. அதற்கு அசையும் தளம் அமைத்தல் துணிவுடைய செயல்.

இப்பாடல்கள் பினாங்கை அடைந்த காலம் ஒலிநாடாவின் காலம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, எழுபதுகளின் இறுதிக்குள் இசைத்தட்டை ஓரங்கட்டியது. தமிழர் 'கடைத்தெரு' என வழங்கிய மார்க்கெட் தெருவிலும் அதனை அடுத்த பினாங்குத் தெருவிலும் ஒலிநாடாக் கடைகள் பெரிய ஒலிபெருக்கிகளை வாயிலில் வைத்துப் பாடல்களை முழக்கின. தந்தையர் சிறிய வானொலிப் பெட்டியில் ஊகித்து மட்டுமே உணர்ந்த மெலிவை, மக்கள் இப்போது நெஞ்சில் அதிர்வாகவே உணர்ந்தனர். மார்க்கெட் தெருவை அன்று கடந்து சென்ற துறைமுகத் தொழிலாளி அதனைப் பேஸ் கித்தார் என்று அறிந்திருக்க வேண்டியதில்லை. அவன் நடை அதற்கு இயைந்திருந்தால் போதும்.

ஒலிநாடாவின் அட்டையில் நடிகரின் படம் இருக்கும். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோர் பெயர் இருக்கும். அடித்தளம் இட்டவர் பெயருக்கு அங்கு இடம் ஒதுக்குவது வழக்கமன்று. அமெரிக்காவில் ஜேமர்சனின் பெயர் 2000-இல் ராக் இசைப் புகழ்க்கூடத்தில் பொறிக்கப்பட்டது. அப்போது அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பினாங்கிலும் 1930 முதல் 1960-கள் வரை வாசித்த உள்ளூர் இசைக்கலைஞர்களைப் பற்றிப் பால் அகஸ்டின், ஜேம்ஸ் லோக்ஹெட் ஆகிய இருவர் 'ஜஸ்ட் ஃபார் த லவ் ஆஃப் இட்' என்னும் ஆங்கில நூலைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டனர். பாடியவர்களோடு, பின்னே அமர்ந்து வாசித்தவர்களையும் தேடிச்சென்று எழுதிய நூல் அது.