நம் சீமையும் மறைந்த திரைப்படங்களும்

பழைய படம் எதுவாயினும் கைப்பேசியில் நொடியில் காணலாம் என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அது முற்றும் உண்மையன்று. நம் பாட்டனார் கண்டு களித்த படங்கள் பல இன்று எங்குமே இல்லை. அவற்றுட் சில, நாம் பிழைக்க வந்த இச்சித்தூர்த் திருப்பதிச் சீமையோடு உறவுடையன. ஆண்டுவிழா நன்னாளில் அவற்றை நினைவுகூர விழைகின்றோம்.

தென்னாட்டின் முதல் ஊமைப் படமாகிய ‘கீசக வதம்’ 1917-18 வாக்கில் சென்னையில் உருவாயிற்று. எடுத்தவர் மோட்டார் வணிகராயிருந்த ஆர். நடராஜ முதலியார். அவர் 1885இல் வேலூரிற் பிறந்தபோது, வேலூரை உள்ளடக்கிய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் நம் சித்தூரேயாம். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். அப்படத்தின் ஒரு பிரதியும் இன்றில்லை.

1931 அக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’, தமிழ் கேட்ட முதற் பேசும்படம். இயக்கியவர் எச்.எம். ரெட்டி. கதாநாயகன் தெலுங்கிற் பேச, டி.பி. ராஜலட்சுமி தமிழில் விடை பகர்ந்தார். வாசலில் தெலுங்கும் அடுக்களையில் தமிழும் வழங்கும் நம் இல்லங்களுக்கு இஃதொரு வியப்பன்று! அந்தோ, அதுவும் அழிந்துபட்டது.

திருவேங்கடவன் வரலாற்றைப் பி. புல்லையா 1939இல் தெலுங்கிற் படமாக்கினார். 1960இல் என்.டி. ராமராவை நடிக்கச் செய்து அவரே மீண்டும் எடுத்தார். பின்னதை யாவரும் அறிவர். முன்னதை நினைப்பார் அரியர்.

நாகையா குண்டூர்ப் பக்கம் பிறந்தவர். சித்தூர் ராமவிலாச சபையின் நாடக மேடையிற் பாடி நடித்து, நம் ஊர்ப் பெயரையே தம் பெயரின் முன் தாங்கினார். ‘அசோக் குமார்’ (1941) படத்திற் பேரரசராகவும், ‘மீரா’ (1945) படத்தில் ராணாவாகவும் தமிழிலே தோன்றினார். 1946இல் ‘தியாகய்யா’வைத் தாமே இயக்கி நடித்தார். 1965இற் பத்மஸ்ரீ பெற்று, 1973இல் மறைந்தார். அவர் பெயர் இன்று நம் இளையோருட் பலர்க்குத் தெரியாது.

இவை அழிந்ததேன்? அந்நாளைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றுவது. வெப்பத்தில் தானே சிதைவது. ஓடி முடிந்த படச்சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்றோரும் உண்டு. காப்பதற்கெனத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனாவில் அமைந்ததோ 1964இல். ஊமைப் படக் காலம் முடிந்து முப்பது ஆண்டு கடந்த பின்னரே கதவடைக்க முற்பட்டோம்.

ஆயினும் முற்றும் இழந்தோமல்லோம். ரயில்வேயிற் பணிபுரியும் நாம் அறிவோம்: உரியவர் வாராத பார்சல் நெடுநாள் மூலையிற் கிடக்கும், சீட்டொன்று கிடைத்தால் அதன் ஊரும் பேரும் விளங்கிவிடும். கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் அத்தகைய சீட்டுகள். கதைச் சுருக்கம், நடிகர் பெயர், பாடல்கள் அனைத்தும் அவற்றில் உண்டு. படம் அழிந்தபின் அது இருந்ததற்கு அவையே சான்று.

ஆதலின் தாய்மார்களே, பெரியோர்களே! டிரங்குப் பெட்டியிற் பழைய பாட்டுப் புத்தகமோ, இசைத்தட்டோ, கொட்டகை நோட்டீசோ இருப்பின் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடற்க. சங்கத்தில் ஒப்படையுங்கள், ஓர் அலமாரி ஒதுக்கிப் பேணுவோம். இரு மொழிகளும் கூடி வளர்த்த கலையைக் காக்க, இரு மொழிகளோடும் வாழும் நம்மினும் உரியார் யாவர்?