புதுப்பித்த பீட்டில் என்ஜினில் கம்ப்ரஷன் குறைவு: காரணம் காணும் முறை

1. ஆய்வுப் பொருள்

வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1600 என்ஜினையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இருபுறமும் இரண்டிரண்டாகப் படுத்த நிலையில் நான்கு சிலிண்டர்கள். ரேடியேட்டர் கிடையாது, காற்றாடி ஊதும் காற்றே குளிர்விக்கிறது. சிலிண்டர் விட்டம் 85.5 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 69 மி.மீ., கொள்ளளவு 1584 சி.சி. நல்ல நிலையில் உள்ள என்ஜினில் கம்ப்ரஷன் கேஜ் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 130 பவுண்டு காட்டும்.

புது பிஸ்டன், புது பேரல், புது ரிங் எல்லாம் போட்டு முடித்த கையோடு கேஜ் முள் 80-இல் நின்றால் வண்டிக்காரருக்கு நெஞ்சு அடைத்துப்போகும். உடனே ரிங் மீது பழி விழும், என்ஜின் மறுபடி கீழே இறங்கும். இந்த அவசரம் தவறு. கசியும் வழியைக் கண்டறியாமல் என்ஜினைப் பிரிக்கக் கூடாது.

2. அளவு மெய்யானதா?

முதலில் சந்தேகப்பட வேண்டியது அளந்த விதத்தை. என்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க, ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போதிய அளவு நுழையாது. முள் எப்படி ஏறும்?

புது ரிங் பேரலோடு படியவும் நாளாகும். என்ஜினை நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விட்டால் பேரல் சுவர் பளபளப்பேறி, ரிங் படியாமலே போய்விடும். சுமையோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளப்பதே முறை.

3. நான்கு எண்கள் சொல்லும் சேதி

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வைப் பாருங்கள். டேப்பட் இடைவெளி, என்ஜின் குளிர்ந்த நிலையில், 0.15 மி.மீ. அது பூஜ்யமாகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது. ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். இதைச் செய்யாமல் என்ஜினை இறக்குவதை நான் மன்னிக்க மாட்டேன். பழைய ஹெட்டையே திரும்பப் போட்டிருந்தால் 3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் கூடுதல் கண் வேண்டும். 1971 மாடலுக்கு முந்திய வண்டிகளில் ஆயில் கூலர் அதன் காற்றுப் பாதையிலேயே நின்றதால் அந்த வால்வு அதிகம் வெந்தது.

ஒரே பக்கத்து இரண்டும் (1, 2 அல்லது 3, 4) தாழ்ந்திருந்தால் ஹெட் சரியாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். ஒரே ஹெட் இரண்டு பேரல்கள் மேல் அமர்கிறது; அவற்றின் உயரம் துளி வேறுபட்டாலும் குட்டையான பேரலின் விளிம்பில் கசியும்.

நான்கும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் கதை வேறு. கேம் பல்லின் குறி, கிராங்க் பல்லின் இரு குறிகளுக்கு நடுவே விழாமல் ஒரு பல் தள்ளியிருக்கலாம். ரேஸ் கேம் போட்டிருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். ஸ்டார்ட்டர் வேகத்தில் எண் குறைவது அதன் இயல்பு. இன்னொன்று, பேரலுக்கு அடியில் தடித்த ஷிம் வைப்பது. பிஸ்டன் மேலே வந்து நிற்கையில் அதன் தலைக்கும் பேரல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி 1 மி.மீ. கூடினால் ஒவ்வொரு அறையிலும் 5.7 சி.சி. கூடுகிறது. சிலிண்டருக்கு 396 சி.சி. என்ற கணக்கில் 7.5 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் 7-க்குக் கீழே போய்விடும். இங்கே கசிவே இல்லை.

4. காற்றை விட்டுக் கேட்டல்

மிச்சச் சந்தேகத்தைத் தீர்ப்பது காற்றுச் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, என்ஜின் சுழன்றுவிடாதபடி கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிளக் துளை வழியே காற்றை மெதுவாக விட வேண்டும். பிறகு காதுக்குத்தான் வேலை. கார்ப்பரேட்டரில் உஸ்ஸென்றால் இன்டேக் வால்வு. சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் மூச்சு விட்டால் ரிங். ஹெட்டும் பேரலும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரிசையாகப் பூக்கும்.

பிளக் துளையில் எண்ணெய் ஊற்றி, எண் ஏறினால் ரிங்தான் என்று தீர்ப்பதும் வழக்கத்தில் உண்டு. படுத்திருக்கும் இந்தச் சிலிண்டரில் எண்ணெய் அடிப்பக்கம் தேங்கிவிடும். ரிங்கைச் சுற்றிப் பரவாது. அதோடு, தேங்கிய எண்ணெயே அறையைச் சுருக்கி எண்ணை உயர்த்தவும் செய்யும். இதை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத வேண்டாம்.

5. ஹெட் நட்டைத் தொடுமுன்

கசிகிறதே என்று ஹெட் நட்டை இன்னும் இறுக்கிவிடாதீர்கள். 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 23 அடி-பவுண்டு, 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 18 போதும்; மீறினால் மக்னீசியக் கேஸிலிருந்து ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் நான்கு எண்களையும், காற்று எந்த வழியே கசிந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்பேனரை அதன் பிறகு கையில் எடுங்கள்.